நிற்கிற வண்டிக்கெல்லாம் நின்ற அக்கா

ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதையாவது மன்னித்துவிடலாம். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் ஒன்றை வாங்கி, சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, ஒரு பெண்மணி ஓட்டுகிற ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷம் போல ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்வந்தேனே, அதை மன்னிக்க இடமே இல்லை. உயிர்மேல் இத்தனை அக்கறையுள்ள மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஹெல்மெட் கடைக்காரர் பாராட்டி, துடைக்க ஒரு துணியும் இலவசமாகத் தந்தார். எனக்கு உயிரைப் பற்றிய கவலையே இல்லை. போகிறவர் வருகிறவர் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே வேர்த்து ஒழுகுவது யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது என்று நம்பினேன். ஒரு வாரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டுவிட்டார்கள்: "என்னண்ணே, அதுக்குள்ள புழுங்குமே, எப்பிடித் தாங்குதீய?"

என்னை இந்தக் கோலத்துக்கு ஆளாக்கியவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா. வத்திராயிருப்புப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மதுரையில் நர்ஸ் படிப்பு படித்து, அங்கே இங்கே சுற்றி, கடைசியில் கனடாவுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கன குளிருதுல்லா, மறந்து போச்சு" என்பார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற நூல் மில்லின் டிஸ்பென்சரியிலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. மில்லில் எல்லாருக்கும் அவர் கனடா சிஸ்டர்.

குடிவந்த அன்றே எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "ஒரு வருசம் இருந்து பாக்கேன். ஊரு ஒத்துக்கிட்டா அங்க உள்ள வீட்ட வித்துட்டு இங்கனயே கெடந்துருவேன். ஒத்துக்கிடலேன்னா திரும்பப் போயிருவேன்."

"அதெல்லாம் ஒத்துக்கிடும்க்கா. தண்ணிய மட்டும் காச்சிக் குடிங்க" என்றாள் என் மனைவி. அத்தோடு நிற்காமல், "இவரு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுத்தான் போறாரு. ஒங்க வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போயிருங்க" என்று, மீதமான சாம்பாரை ஒப்படைப்பதுபோல என்னை ஒப்படைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் அப்படி ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஏறி இடம்பிடித்து, பக்கத்து ஆளிடம் குடும்ப விவரம் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும். அக்காவோடு போனால் மட்டும் அது வடநாட்டுத் தூரம் ஆகிவிடும். காரணம் அவருடைய ஒரே ஒரு பழக்கம். ரோட்டோரம் ஒரு வண்டி நின்றால் அக்கா நிற்பார். லாரியோ, டிராக்டரோ, மொபெட்டோ, எதுவானாலும் நிற்பார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, எல்லாரிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்பார்.

"நல்லாருக்கியளா? வண்டி போகுமா?"

பதில் வந்ததும், "சரி, பாத்துப் போங்க" என்று கிளம்பிவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. உபகாரம் செய்கிறவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதுவும் கிடையாது. கரண்டு பில் கட்டி முடித்த முகமாக இருக்கும்.

முதல் நாளே எனக்குத் தீட்சை கிடைத்தது. கண்மாய்க் கரையில் ஒரு பைக் நின்றது. அதற்குரியவர் கொஞ்சம் தள்ளி, கருவேல மரத்தைப் பார்த்தபடி நின்றார். ஏன் நின்றார் என்பது இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அக்கா நிறுத்தினார்.

"தம்பி, நல்லாருக்கியளா? வண்டி போகுமா?"

அவரால் திரும்பவும் முடியவில்லை, மரியாதைக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "போகும்க்கா. மொதல்ல நீங்க போங்க" என்றார் மரத்திடம்.

அன்று மாலைதான் ஹெல்மெட் வாங்கினேன்.

இன்னொரு நாள், செண்பகத்தோப்புக்குப் பிரிகிற ரோட்டில் அவருக்கு ஏதோ வேலை. என்னையும் கூட்டிப் போனார். புளிய மரத்தடியில் ஒரு பைக். ஒரு பையனும், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கட்டிய ஒரு பெண்ணும். அக்கா நிறுத்தியதும் அந்தப் பெண் மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். பையன் அக்காவைப் பார்க்கவேயில்லை. பின்னால் ஹெல்மெட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தான். பெண்ணின் அப்பா என்று முடிவு கட்டிவிட்டான் போல. கைகூப்பி, "மாமா, சத்தியமாப் பேசிக்கிட்டு மட்டுந்தான் இருந்தோம்" என்றான். அக்கா அவன் கையில் இரண்டு கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டு, "வண்டி போகும்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பினார். வழி முழுக்க நான் ஹெல்மெட்டுக்குள் அவமானத்தில் வெந்துகொண்டு வந்தேன். ஆடிப்பூரத்துத் தேர் முக்குத் திரும்பும்போது செத்த நேரம் நிற்குமே, அதனிடமும் போய்க் கேட்டுவிடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயம் இருந்தது.

கேட்பது மட்டுமில்லை, எதிரே வருகிற வண்டிகளுக்கெல்லாம் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அவர் இருந்த பக்கத்தில் அதுதான் வணக்கமாம். நாள் முழுக்க ஓட்டினாலும் எதிரில் நாலு வண்டிதான் வரும், வருகிற நாலு பேருக்கும் விரல் தூக்க வேண்டுமாம். நம் ஊரில் ஒரு விரலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஒரு மினி பஸ் டிரைவர் பதறிப்போய் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்கைக் கை காட்டிவிட்டுப் போனார்.

கனடாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பின்சீட்டில் கேட்டதுதான். அதிலும் பாதி காற்றோடு போய்விட்டது, பாதியை ஹெல்மெட் தின்றுவிட்டது. பனிநாட்டைப் பற்றி நான் நிறையப் படித்தவன். படித்த திமிரில் கேள்விகள் கேட்பேன். நான் படித்த பனியில் ஓநாய்கள் ஊளையிடும், சறுக்குவண்டியின் மணிகள் ஒலிக்கும், யாராவது ஒரு சீமாட்டி பிரிவுத் துயரில் ஜன்னலருகே நிற்பாள். அக்காவின் பனியில் பேட்டரி இறங்கிவிடும்.

"ராத்திரி காருக்குக் கரண்டு குடுத்துத்தான் தூங்க வைக்கணும். மாட்டுக்கு வைக்கோல் போடுற மாதிரி ஒயரச் சொருகிட்டுப் போய்ப் படுக்கணும். மறந்தா எஞ்சின் காலைல எந்திரிக்காது. டயரு அடிப்பக்கம் சப்பையா ஒறஞ்சு கெடக்கும். மொதக் கொஞ்ச தூரம் மாட்டுவண்டி கணக்காத் திடும் திடும்னுதான் போகும்."

"அம்புட்டுப் பெரிய நாடாக்கா?"

"ஒரு கெழவருக்குப் புண்ணுக்குக் கட்டுப்போட இங்கன இருந்து திருச்சி வரைக்கும் போய்ட்டு வருவேன். எடையில ஊருன்னு ஒண்ணு வரும். அதுல ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு சர்ச்சு, ஒரு நாய். மொத மொதல்ல அந்த நாட்டுக்குப் போனப்ப பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். விடிஞ்சுது, பைன் மரம். இருட்டுச்சு, பைன் மரம். மறுநாளும் அதே மரம். வண்டி நிக்குதா போகுதான்னு டிரைவர்ட்டயே கேட்டுட்டேன்."

நிற்கிற பழக்கத்துக்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்பது என் இலக்கிய மூளையின் தீர்மானம். ஒன்று, அவர் பனியில் மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் நின்று காப்பாற்றியிருக்க வேண்டும். அல்லது யாரையோ அவர் நிற்காமல் தாண்டிப் போயிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் எழுதலாம் என்று, ஒரு நாள் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டேன்.

"அப்பிடி ஒண்ணும் இல்ல தம்பி. அங்கன அந்தக் குளிருல ஒரு வண்டி நின்னு போச்சுன்னா, பின்னால வாரவன் நின்னு கேக்கணும். அவன் கேக்கலேன்னா அதுக்குப் பொறவு வாரவன் பொணத்தத்தான் பாப்பான். அதனால எல்லாரும் நிப்பாவ. அம்புட்டுதான்."

"நீங்க நின்னு யாரையாவது காப்பாத்தி இருக்கியளா?"

"ஒரு தடவ ஒரு பெரியவரு வண்டிய நிறுத்திட்டு உக்காந்துருந்தாரு. என்னமோ ஏதோன்னு எறங்கிப் போனேன். வேலிக் கம்பத்துல ஒரு வெள்ள ஆந்தை. அதப் பாத்துக்கிட்டு இருந்துருக்காரு. நானும் செத்த நேரம் பாத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அழகா இருந்துச்சு" என்றார்.

ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தால் ஒரு கம்பளி, கயிறு, தீப்பெட்டி, மெழுகுவர்த்திகள். பனியில் மாட்டிக்கொண்டவர் காருக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தால் விறைத்துப் போகாமல் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாமாம். எங்கள் ஊர் வெயிலில் அந்த மெழுகுவர்த்திகள் புடலங்காய் போல வளைந்து கிடந்தன. அங்கே சாக்லேட் வைப்பார்களாம். இங்கே உருகிவிடும் என்பதால் கடலை மிட்டாய். ஊரோடு அவர் செய்துகொண்ட ஒரே சமரசம் அது.

நான் பார்த்தவரை, அவர் நின்று கேட்டவர்களில் யாருக்கும் ஒரு உதவியும் தேவைப்பட்டதில்லை. போன் பேசுகிறவர், வெற்றிலை போடுகிறவர், பெண்டாட்டியோடு பாதியில் நிற்கிற சண்டையை முடித்துக்கொண்டு போகலாம் என்று நின்றவர். ஒரே ஒரு முறை ஒருவருடைய தேங்காய் மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் உருண்டது. அன்று நானும் பொறுக்கினேன். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஒரு கண்டக்டர், "ஏலே, தேங்கா பொறுக்க ஹெல்மெட் எதுக்குலே?" என்றார்.

"பாத்தீயளா, அந்தத் தேங்காக்காரரத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணும் தேவைப்படல. பொறவு எதுக்கு நிக்கிறது?" என்று கணக்குப் பிரிவுக்காரனாகக் கேட்டேன்.

"தேவையில்லன்னு தெரிஞ்சுக்கிடத்தான நிக்கிறது" என்றார்.

மில்லுக்கு இந்தத் தத்துவம் புரியவில்லை. ஷிப்டு மாறுகிற நேரத்தில் டிஸ்பென்சரி திறந்திருக்க வேண்டும். கையைக் கிழித்துக்கொண்டு வருகிற பெண்கள் பூட்டிய கதவின் முன்னால் நிற்க முடியுமா? வருகிற நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீஸ்காரர் தினமும் கேட்பார், "சிஸ்டர், இன்னைக்கு யாரு நின்னா?" அக்காவும் கேலி என்று தெரியாமல், "ஒரு மினி லாரி, ரெண்டு பைக்" என்று ஒப்பிப்பார். சீக்கிரமாகக் கிளம்பிப் பார்த்தோம். விடியலில் காய்கறி ஏற்றுகிற வண்டிகள் இன்னும் கூடுதலாக நின்றன. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த மாசம் முழுக்க நேரத்துக்கு வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள். வேலை இல்லையென்றால் அவர் கனடா வீட்டை விற்க மாட்டார், திரும்பிப் போய்விடுவார். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் போய்விடக் கூடாது என்று என் மனைவி வேண்டிக்கொண்டு, வியாழக்கிழமை ஒரு பொழுது இருக்க ஆரம்பித்தாள்.

நான் உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். எனக்கு வருவது அதுதானே. "அக்கா, இது நம்ம ஊரு. இங்க குளிருல யாரும் சாகப் போறதில்ல. அடிக்கு ஒரு டீக்கடை இருக்கு. ஊரோட ஒத்துப் போகணும்க்கா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலிக்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை முதலாளி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்குச் சாரல். மலை பாதிக்கு மேல் மறைந்திருந்தது. ராஜபாளையத்துக்குப் பாதி தூரம் வந்திருப்போம். இடதுபக்கம் ஒரு மொபெட் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு ஆள் குத்தவைத்து, தலையை இரண்டு கைகளிலும் தாங்கி உட்கார்ந்திருந்தார். நனைவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா வேகத்தைக் குறைத்தார்.

நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவர் காதருகே குனிந்தேன். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்க்கா. ஒங்க வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும். எனக்காக."

அவர் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஹெல்மெட் வாங்கிய பிறகு என் முகத்தை அந்த ரோட்டில் அவர் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். அந்த ஆள் தலையைத் தூக்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கு ஒரு வெற்றிக் களிப்பே வந்தது. ஒரு பெரிய நாடு இருபது வருஷம் ஊட்டியதை நான் ஒரு வாக்கியத்தில் இறக்கிவிட்டேனே!

மில் கேட்டுக்கு நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம். டைம் ஆபீஸ்காரர் கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இறங்கினேன். அக்கா இறங்கவில்லை.

"நீங்க உள்ள போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவர் திரும்பிப் போனபோது அங்கே ஆளும் இல்லை, மொபெட்டும் இல்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டாராம். கொஞ்சம் தள்ளி இருந்த டயர் கடையில் கேட்டாராம். யாரும் அப்படி ஒருவரைப் பார்க்கவில்லை. வண்டி சரியாகிப் போயிருக்கலாம். யாராவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். நனைந்து திரும்பி வந்தபோது டிஸ்பென்சரி வாசலில் நாலைந்து பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய தாமதம் மற்ற எல்லாத் தாமதங்களையும்விடப் பெரியது.

முதலாளி அன்று வரவேயில்லை. வெளியூரில் ஏதோ கல்யாணம்.

மறுநாள் நானாகவே பஸ்ஸில் போயிருக்கலாம். வெட்கம் கெட்டுப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். அக்கா வழக்கம்போல ஏற்றிக்கொண்டார். கோபம் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கண்மாய்க் கரை தாண்டி ஒரு டிராக்டர் நின்றது. அக்கா வேகத்தைக் குறைத்து, தலையை லேசாகத் திருப்பிக் கேட்டார்.

"நிக்கவா தம்பி?"

குத்தலாகக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பதில் தெரியாத ஒருவர் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல் அது. "நில்லுங்கக்கா, நில்லுங்க" என்று பதறினேன். நின்றார், இரண்டு கேள்விகளையும் கேட்டார், கிளம்பினார். அடுத்த வண்டிக்கும் "நிக்கவா தம்பி?" அதற்கடுத்த வண்டிக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் என்னிடம் உத்தரவு வாங்கினார். "என்ட்ட கேக்காதீயக்கா" என்று ஒரு நாள் கெஞ்சினேன். "சரி தம்பி" என்றார். அதற்கப்புறம் சில வண்டிகளுக்கு நின்றார், சிலவற்றுக்கு நிற்கவில்லை. எதற்கு நிற்கிறார், எதற்கு நிற்கவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை என்றே தோன்றியது. நிற்காமல் தாண்டிய பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர ஆரம்பித்தோம்.

மில்லில் இரக்கப்பட்டு அவருக்கு இன்னும் ஒரு மாசம் தந்தார்கள். அந்த மாசம் ஒரு நாளும் தாமதம் இல்லை. வேலை நிரந்தரம் ஆனது. எனக்கும் அந்த நாற்காலி கிடைத்தது. அது கொஞ்சம் உயரம். உட்கார்ந்தால் கால் தரையில் படாது.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அடுத்த மாசம் அக்கா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மாடியைக் கழுவித் துடைத்துச் சாவியை என் மனைவியிடம் தந்துவிட்டு, கனடாவுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "நல்லா இருங்க தம்பி" என்றார். அதில் கேள்விக்குறி இல்லை.

நான் இடிந்து போனேன். ஒரு மனுஷி சொந்த ஊரில் வாழலாம் என்று நம்பி வந்தார், அவரை விரட்டியது யாரென்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பாவ மன்னிப்பு மாதிரி அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நடுவில் இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. அது எனக்கே பிடித்திருந்ததால் திரும்ப ஒரு முறை போட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. கடைசியில் ஒரு நாள், தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாரல், மொபெட், குத்தவைத்திருந்த ஆள், நிக்கவா தம்பி, எல்லாம். "அக்கா ஊர விட்டுப் போனதுக்கு நான்தான் காரணம்" என்று முடித்தேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஆமா, இவருக்காகத்தான் கப்பலேறிப் போனாவ. அங்கன காசில்லாமப் பண்ணுவாவன்னு அவிய முட்டு ஆபரேசனுக்குல்லா போயிருக்காவ? ரெண்டு முட்டும் தேஞ்சு போயி, மாடிப்படிய ஒவ்வொண்ணா ஒக்காந்து ஒக்காந்துல்லா ஏறுனாவ. 'சிஸ்டர், காலுக்கு என்ன'ன்னு தெருவே கேட்டுச்சு. நீங்க ஒருத்தருதான் கேக்கல."